ஆமைப்பாறையில் ஒன்பது உறைகள்

சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஆணியும் கயிறும் விற்கிற அந்த மொத்தக் கடையில், தராசு பழுதானால் யாரும் பதறுவதில்லை. "நாச்சியாரக்கா கையில கொடு" என்பார்கள். அவள் ஒரு கொத்து ஆணியை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல இரண்டு தரம் தூக்கிப் பார்த்து, "எழுநூத்தி முப்பது" என்பாள். தராசு சரியான பிறகு போட்டுப் பார்த்தால் எழுநூற்று இருபத்தெட்டு இருக்கும். அந்த இரண்டு கிராமுக்கு அவள் தராசைத்தான் திட்டுவாள், கையை அல்ல. திமிர்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இருபத்திரண்டு வருஷம் ஆணி அள்ளின கைக்கு அந்தத் திமிர் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கைதான் அவளை மலைக்குக் கூட்டிப் போனது. ஒரு சனிக்கிழமை ரெம்யா என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், மெல்லிய கயிறு வாங்க வந்தாள். பத்து மீட்டர் வேண்டும், ஆனால் நூறு கிராமுக்கு மேல் போகக்கூடாது என்றாள். கயிறு வாங்க வந்து எடை குறைச்சலாய்க் கேட்கிற ஆளை நாச்சியார் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். என்ன விஷயம் என்று விசாரித்தால், இவர்கள் ஒரு கூட்டம். வாரக்கடைசியில் மலையில் போய் ராத்தங்கி வருகிறவர்கள். கூடாரம் கிடையாது. பிவி பேக் என்று ஒன்று. தலையணைக்கு உறை போடுகிற மாதிரி மனுஷனுக்கு ஒரு உறை, அவ்வளவுதான். மழை உள்ளே வராது, மூச்சின் ஈரம் வெளியே போய்விடும், தலைமாட்டில் ஒரு சுருக்குக் கயிறு. சுருட்டினால் ஒரு சின்னத் தேங்காய் அளவு. வெட்டவெளியில் அதற்குள் நுழைந்து படுத்துக்கொள்வது, விடிந்ததும் இறங்கிவிடுவது. பையின் கனத்தைக் குறைக்கச் சொல்லித்தர நீங்களும் வாங்கக்கா என்று ரெம்யா கூப்பிட்டாள்.

"இதுக்கு எதுக்கு மலைக்குப் போகணும்? ராத்திரி கம்போளத்துக்கு வரச் சொல்லு, சாக்குக்குள்ள படுக்க எடம் நான் காட்டுறேன்" என்றான் அவள் புருஷன் வேலப்பன். அவன் அதே தெருவில் மூட்டை இறக்குகிறவன். "ஆயுசு பூரா நான் சுமக்கேன், நீ சுமக்காம இருக்கப் படிச்சுக் கொடுக்கப் போறியோ? கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு!"

கேலி பண்ணினானே தவிர, தடுக்கவில்லை. அவர்களோடு நாலு தரம் போய்வந்த பிறகு அந்தக் கூட்டத்துக்கு நாச்சியார்தான் எல்லாம் என்றாகிவிட்டது. கிளம்புகிற அன்று காலையில் ஒவ்வொருவர் பையையும் அவள் முன்னால் கொட்டவேண்டும். ஒன்றொன்றாய்க் கையில் எடுப்பாள். "இது எதுக்கு? நூத்தி எண்பது. வெளிய." "சோப்பா? பாதி வெட்டு." தண்ணீர் சேர்த்து ஆறு கிலோவுக்கு மேல் ஒரு பையும் ஜீப்பில் ஏறாது. பெரிய சம்பளக்காரர்கள் எல்லாம் அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கல்யாணராமன் சார் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது ஓய்வு பெற்ற வருஷம். கோட்டைக்குள் அக்ரகாரத்து ஆள். மின்சார ஆபீசில் சூப்பிரண்டாக இருந்தவர். முதல் நாள் அவர் கொண்டுவந்த பை பதினொரு கிலோ. காப்பி ஃபில்டர், டபரா இரண்டு, மடித்த வேஷ்டி நாலு, மூன்று செல் போட்ட பழைய எவரெடி டார்ச்.

"சாரே, இது நானூத்தி பத்து கிராம்" என்று டார்ச்சைத் தூக்கி ஓரமாக வைத்தாள் நாச்சியார். நெற்றியில் மாட்டுகிற சின்ன விளக்கு ஒன்றைக் கொடுத்தாள். "இது எழுபது."

"நாச்சியாரே, அது வெளிச்சமாக்கும், இது மின்மினிப் பூச்சி" என்று அழாக்குறையாகச் சொன்னார். காப்பி ஃபில்டருக்கு மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு மலையிலும் விடிகாலைக் காப்பி அவருடையது. படுக்கப் போகும்போது எல்லோரையும் பார்த்து, "நாளைக்குக் காப்பி நான் போடறேன்" என்பார். யாரோ போட்டிக்கு வருகிற மாதிரி!

நாச்சியார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம் உண்டு. பாறையில் காற்று அடிக்கும். வெறும் உறை கால்கிலோ கனம்கூட இல்லை, பறந்துவிடும். அதனால் ராத்திரி ஒதுங்க எழுந்து போனால், தோள்பையைத் தூக்கி உறைக்குள் திணித்து, வாயைச் சுருக்கிக் கட்டிவிட்டுப் போகவேண்டும். உறையும் பறக்காது, மழையில் உள்ளும் நனையாது. புத்திசாலித்தனமான யோசனைதான். அவளே கண்டுபிடித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், வித்துராவைத் தாண்டி ஆமைப்பாறையில் தங்கினார்கள். அவளைத் தவிர ஒன்பது பேர். பாறையில் ரேஞ்ச் கிடையாது. போன் பேசவேண்டுமானால் பத்து நிமிஷம் மேலே ஏறி உச்சிப்பாறைக்குப் போகவேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் தூறல் பிடித்துக்கொண்டது, எல்லோரும் உறைக்குள் நுழைந்துவிட்டார்கள். பதினொன்றே காலுக்கு நாச்சியார் எழுந்து, வழக்கம்போல் ஒரு சுற்று வந்தாள். உறையின் வாய் இறுக்கிக் கட்டியிருந்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. அதனால் தோளிருக்கும் இடத்தில் கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துக்கொண்டே எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று... இடது ஓரத்தில் கடைசியாக கல்யாணராமன் சாரின் உறை. அமுக்கினாள். கை, ஆள் என்றது.

"சாரே, ஒறங்கியாச்சா?"

பதில் இல்லை. தூக்கம் போலிருக்கிறது. ஒன்பது என்று எண்ணி முடித்து, தன் உறைக்குள் போய் வாயைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போய்விட்டால் தன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் காதில் கேட்கும். வெளியே உலகமே இடிந்தாலும் தெரியாது.

காலையில் காப்பி வாசனை இல்லை. ஆறரை மணிக்கு ரெம்யா போய் அவர் உறையின் சுருக்கை அவிழ்த்தாள். உள்ளே கம்பளிச் சட்டை சுற்றிய தோள்பை இருந்தது. நாச்சியார் சொல்லிக்கொடுத்தபடியே, கச்சிதமாகக் கட்டியிருந்தார்.

உச்சிப்பாறைக்குக் கொஞ்சம் கீழே, வழியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, பாறை இடுக்கில் ஓடுகிற தண்ணீரில் கிடந்தார். பாக்கெட்டில் போன் ஊறிப்போயிருந்தது. விழுந்ததில் சாகவில்லை, குளிரில் கிடந்து ராத்திரி இரண்டு மணிவாக்கில் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மணி! நாச்சியாருக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. பதினொன்றே காலுக்கு ஒழுங்காக எண்ணியிருந்தால் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாமே. எண்ணினது ஆளை இல்லை, உறையை.

போலீஸ்காரர் கேட்டார்: "கடைசியா அவரை எப்போ பார்த்தீங்க?"

வாய் தானாகச் சொன்னது. "பதினொண்ணே காலுக்கு சார். பேசினாரு."

"என்ன பேசினார்?"

"நாளைக்குக் காப்பி நான் போடறேன்னாரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒதுங்க எழுந்து போனபோது விழுந்திருக்கிறார் என்று எழுதி முடித்தார்கள். அதே வார்த்தையை அவள் அக்ரகாரத்து வீட்டிலும் போய், சாரின் மனைவி வாலாம்பாள் மாமியிடம் சொன்னாள். மாமி அதைக் கேட்டு நாச்சியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

நாலு மாதம் மலைப்பக்கம் போகவில்லை. பிறகு ரெம்யா வந்து வற்புறுத்திக் கூட்டிப்போனாள். அன்று ஏழு பேர். நாச்சியார் இப்போது அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு உறையின் வாயையும் திறந்து, முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்துத்தான் எண்ணினாள். ஏழு. சரிதான். தன் இடத்துக்கு நடந்துவந்து திரும்பிப் பார்த்தாள். எட்டு உறை கிடந்தது. இடது ஓரத்தில் ஒன்று கூடுதல், வாய் கட்டினபடி. கிட்டே போனாள். வெறும் பாறை. ஆனால் சுற்றிலும் தூறலில் நனைந்து கறுத்திருந்த பாறையில், ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

எந்த மலைக்குப் போனாலும் இதே கதைதான். கிட்டே போய் எண்ணினால் சரி, தள்ளி நின்று எண்ணினால் ஒன்று அதிகம். வேலப்பனிடம் மட்டும் சொன்னாள். அவன் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. "எறக்கி வைக்க வேண்டிய எடத்துல எறக்கி வை. தலையில வச்சுக்கிட்டே எத்தனை நாளு நடப்பே?" என்றான்.

இறக்கி வைக்கிற இடம் எது என்று அவளுக்கும் தெரியும். எத்தனையோ தடவை அக்ரகாரத்துத் தெருமுனை வரை போய்விட்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

இந்த ஐப்பசியில் மாமியே கூப்பிட்டு அனுப்பினாள். வீடெல்லாம் அட்டைப்பெட்டி.

"பெங்களூர்ல மாளவிகாகிட்டயே போயிடறேன். பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்கறா. போறதுக்கு முன்னாடி ஒரு காரியம் இருக்கு, நாச்சியார். அவர் படுத்த பாறையில, அவரோட அந்தப் பைக்குள்ள, ஒரு ராத்திரி நான் படுக்கணும். நீதான் அழைச்சுண்டு போகணும்."

"மாமி, ஏற்றம் உண்டு. முட்டு வலிக்கும்."

"வலிக்கட்டும். அறுபத்தோரு வயசு, நடக்கத் தெரியாத குழந்தையா நான்?"

அங்கேயே, சாப்பாட்டு மேஜைமேல், மாமியின் பையை நாச்சியார் கட்டினாள். ஒரு கம்பளி, ஒரு துண்டு, தண்ணீர், அவல். சாரின் உறையை மாமி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துவைத்து, புடவை மாதிரி மடித்து வைத்திருந்தாள். கடைசியில் அந்த மூன்று செல் டார்ச்சைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதை நீ வேண்டாம்னுட்டியாமே. வந்து புலம்பினார்."

நானூற்றுப் பத்து என்றது கை. ஆனாலும் பையில் வைத்துக் கட்டினாள்.

ஜீப்பில் மலையடிவாரத்து எஸ்டேட் வாசல் வரை வேலப்பனும் வந்தான். வாட்ச்மேன் ஷெட்டில் படுத்துக்கொள்கிறேன், ஏதாவதென்றால் விசில் ஊது என்றான். மாமி மூச்சு வாங்க வாங்க ஏறினாள், ஒரு தடவைகூட உட்காரவில்லை. பாறைக்கு வந்ததும் கேட்டாள்:

"எங்கே படுத்துண்டிருந்தார்?"

"இடது ஓரம், மாமி."

அங்கேயே உறையை விரிக்கச் சொன்னாள். உள்ளே நுழைந்து, நெஞ்சு வரை இழுத்துக்கொண்டு, டார்ச்சைப் போட்டு உச்சிப்பாறைப் பக்கம் வெளிச்சம் போகிற மாதிரி நிறுத்தி வைத்தாள்.

"அணைக்காதே. எரிஞ்சு தீரட்டும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்குக் காப்பி நான் போடறேன்னார்னு சொன்னியே, அந்த ஒரு வார்த்தையிலதான் நான் ரெண்டு வருஷமா ஜீவிச்சிண்டிருக்கேன், கேட்டியா?" என்றாள்.

நாச்சியார் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். பழக்க தோஷம், தன் பையைத் தன் உறைக்குள் திணித்து வாயைக் கட்டிவிட்டுத்தான் போனாள். சரிவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். திரும்பி வரும்போது டார்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் பாறை தெரிந்தது. மாமி உறை ஒன்று, தன் உறை ஒன்று. மாமிக்கு அந்தப் பக்கம், இன்னும் இடது ஓரத்தில், மூன்றாவதாக ஒன்று.

இந்தத் தடவை அவள் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. நேராக வந்து மாமியின் தலைமாட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மாமி, சார் எங்கிட்ட பேசலை."

மாமி கண்ணைத் திறந்தாள்.

"பதினொண்ணே காலுக்கு நான் வந்து அமுக்கிப் பாத்தேன். உறைக்குள்ள இருந்தது பையாக்கும். நான் அதைச் சாருன்னு நெனச்சு ஒம்பதுன்னு எண்ணிட்டுப் போய்ப் படுத்தேன். என் கை தப்பாதுன்னு ஒரு அகம்பாவம். காப்பி போடறேன்னு சொன்னது சாரில்லை மாமி, நான். பயத்துல என் வாயில வந்தது. அவரு அந்நேரம் அங்க மேல விழுந்து கெடந்திருக்காரு. நான் ஆளை எண்ணியிருந்தா..." மாமியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "என்னை அடிங்க மாமி. என்ன வேணும்னாலும் செய்யுங்க."

மாமி அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்துகூட உட்காரவில்லை. "பதினொண்ணே காலுக்கு அவர் இங்கே இல்லை" என்றாள்.

"இல்லை மாமி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்போ அந்த போன்..." என்று மாமி ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, யாருக்கோ ஒப்பிக்கிற மாதிரி, இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"மறுநாள் என் அண்ணா ஆத்துல கிரகப்பிரவேசம். அதை விட்டுட்டு பாறையில படுக்கப் போனார்னு எனக்கு ஒரே கோபம். ராத்திரி பத்து நாப்பத்தெட்டுக்கு போன் அடிச்சது. அவர் பேர்தான். கையில வச்சுண்டு பாத்துண்டே இருந்தேன், எடுக்கலை. அடிச்சு ஓஞ்சது. பத்து அம்பத்திரண்டுக்குத் திருப்பி அடிச்சது. அதையும் எடுக்கலை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், நான் எடுக்கலேன்னா ரெண்டாம் தரம் அடிக்கற மனுஷர் இல்லை அவர். ஒருத்தர்கிட்டயும் இதை நான் சொன்னதில்லை, மாளவிகாகிட்ட கூட."

நாச்சியாருக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

"மறுநாள் நீ வந்து, பதினொண்ணே காலுக்குப் பேசினார்னு சொன்னே. அப்பாடான்னு இருந்தது எனக்கு. அப்போ சும்மாத்தான் அடிச்சிருக்கார், சமாதானம் பேச அடிச்சிருக்கார், திரும்பி வந்து சௌக்கியமா படுத்துண்டிருக்கார். விழுந்தது அதுக்கப்புறம். அந்த போனுக்கும் அவர் போனதுக்கும் சம்பந்தமில்லை. அப்படித்தானே? அதைப் பிடிச்சுண்டுதான் நான் தூங்கினேன்."

ஐயோ, என்ன காரியம் பண்ணினோம் என்று நாச்சியார் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் ஒன்றை இறக்கி வைத்தாள். அது தரையில் இறங்கவில்லை, கீழே ஒருத்தி தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மாமி, போன் முதல்ல பண்ணிட்டு, பெறகு எறங்கும்போது விழுந்திருக்கலாம் அல்லே? அதுவும் நடக்குமே!"

"நடக்கும். விழுந்து கிடந்துண்டு அடிச்சிருந்தாலும் நடக்கும். எப்படின்னு இனிமே யார் சொல்லப் போறா?" மாமியின் குரலில் கோபமே இல்லை. அதுதான் நாச்சியாரைக் கொன்றது. "இப்போ சொன்னதுதான் பொய், அன்னிக்குச் சொன்னதுதான் நிஜம்னு சொல்லேன், நாச்சியார். ஒரே ஒரு தடவை."

"சார் பேசினாரு மாமி" என்றாள் நாச்சியார் உடனே. "நாளைக்குக் காப்பி நான் போடறேன்னாரு. சத்தியமா."

மாமி அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள். "சரி, போய்ப் படுத்துக்கோ. தூறல் வரது."

தூறல் வந்தது. நாச்சியார் தன் இடத்துக்குப் போய், பையை வெளியே எடுத்து, உறைக்குள் காலை விட்டபடி திரும்பிப் பார்த்தாள். எண்ணினாள். மாமியுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. மறுபடி எண்ணினாள். இரண்டுதான். இடது ஓரத்துப் பாறை முழுக்க நனைந்து, டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது, காய்ந்த இடம் எதுவுமே இல்லை. இரண்டு வருஷமாக இந்த ஒரு எண்ணிக்கைக்காக ஏங்கினவள் அவள். இப்போது வந்திருக்கிறது, சந்தோஷப்பட முடியவில்லை.

அன்று அவள் உறையின் வாயைக் கட்டவில்லை. முகத்தில் தூறல் விழ, மாமியின் உறை ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே கிடந்தாள். டார்ச் மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. அணைந்த கொஞ்ச நேரத்தில் மாமியின் குரல் கேட்டது.

"நாச்சியார், முழிச்சிண்டிருக்கியா?"

"உண்டு மாமி."

"போன் அடிக்கறதே, கேக்கறதா?"

ஆமைப்பாறையில் ரேஞ்ச் கிடையாது. மாமியின் போனை அவளே அணைத்து, பாலிதீன் பையில் சுற்றி, தன் பைக்குள் வைத்திருக்கிறாள். காதைத் தீட்டிக் கேட்டாள். தூறல் பாறையில் விழுகிற சத்தம் மட்டும்தான்.

"இந்தத் தடவை எடுத்துடட்டுமா?" என்றாள் மாமி.

இல்லை மாமி, ஒன்றும் அடிக்கவில்லை, தூங்குங்கள் என்று சொல்லத்தான் நாச்சியார் வாயைத் திறந்தாள்.

"எடுங்க மாமி" என்றாள்.

சாரின் உறை லேசாக அசைந்தது. உள்ளேயிருந்து, யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்கிற மாதிரி அடங்கின குரலில், மாமி பேசினாள்.

"சொல்லுங்கோ. நான்தான்."